ஊருக்கு முன் நிறம்

சென்ற மாதம் கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மொழிபெயர்ப்புப் பிரிவில் இப்போது அவள்தான் மூத்தவள்.

"மேடம், இப்பெல்லாம் சாஃப்ட்வேர்தான். தமிழ் சாட்சியத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டா அரை நிமிஷத்துல இங்கிலீஷ்ல வந்துடுது. நாங்க சரிபார்த்துக் கையெழுத்து போடுறோம். அந்த அட்ஜெக்டிவ் ஆர்டர் இருக்குது பாருங்க, அதுல ஒரு தப்பு வர்றதில்ல. நீங்க அதையெல்லாம் எப்படிக் கத்துக்கிட்டீங்க? புதுசா ரெண்டு பொண்ணுங்க வந்திருக்காங்க. அவங்களுக்காகக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, அந்த வரிசையை எப்படிக் கற்றேன் என்பதைவிட, அதை நன்றாகக் கற்றதனால் நடந்த ஒரு காரியம்தான் முன்னால் வந்து நின்றது. அதைத்தான் எழுதுகிறேன். எந்த நீதிமன்றம் என்று சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் கணவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் இறந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. பி.ஏ. ஆங்கிலம் படித்திருந்ததால் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலில் தட்டச்சு, பிறகு மொழிபெயர்ப்பு. மரக்காணத்திலிருந்து திண்டிவனம், அங்கே இறங்கி இன்னொரு பஸ். இருபத்தைந்து வருடம் அப்படித்தான் போய் வந்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் வசந்தா மேடம். என்னைவிட இரண்டு வயது இளையவர். தர்மபுரிப் பக்கத்துக்காரர். அவர் என்னை "ஜெசிந்தா மேடம்" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யார் மேலதிகாரி என்றே புரியாது.

வேலை என்னவென்றால், கீழ் நீதிமன்றத்தில் சாட்சிகள் தமிழில் சொன்னது தமிழிலேயே பதிவாகியிருக்கும். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது அத்தனையும் ஆங்கிலமாக வேண்டும். நாங்கள் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்ததும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒருவர் தமிழ் மூலத்தைச் சத்தமாகப் படிப்பார். வசந்தா மேடம் ஆங்கிலத் தாளின் மேல் மர ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். தவறு இருந்தால் வரியை அடித்துத் திருத்த மாட்டார், திட்டவும் மாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கடைசியில் மொழிபெயர்த்தவர் ஒரு கையெழுத்து, ஒப்பிட்டவர் என்று அவர் ஒரு கையெழுத்து. அதோடு முத்திரை விழுந்துவிடும்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு திருட்டு வழக்கு. சாட்சி சொன்னது, "தங்கத்துல பழைய சின்ன வளையல் மூணு." நான் அதே வரிசையில், "கோல்ட் ஓல்ட் ஸ்மால் பேங்கிள்ஸ் த்ரீ" என்று அடித்து வைத்திருந்தேன். வசந்தா மேடத்தின் ஸ்கேல் நின்றது. அதை அவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"ஜெசிந்தா மேடம், வார்த்தை எல்லாம் சரி. ஆனா மேல உக்காந்து படிக்கிறவரு இந்த இடத்துல தடுக்கி விழுவாரு. தடுக்கி விழுந்தா சாட்சி மேலயே சந்தேகம் வந்துடும். உளர்றாங்கன்னு நினைப்பாரு."

பிறகு ஒரு அட்டையை எடுத்து எழுதிக் கொடுத்தார். எண்ணிக்கை, அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது. அதன்பின்தான் பொருளின் பெயர். த்ரீ ஸ்மால் ஓல்ட் கோல்ட் பேங்கிள்ஸ். தமிழில் சின்னப் பழைய வளையல் என்றாலும் பழைய சின்ன வளையல் என்றாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அது ஒரு கியூ. ஒருவர் முன்னால் இன்னொருவர் நுழையக் கூடாது. அந்த அட்டையை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஆறே மாதத்தில் அட்டையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சாட்சி எப்படிக் கலைத்துப் போட்டுச் சொன்னாலும் என் விரல் சரியாக அடுக்கிவிடும்.

நடுவில் ஒரு எச்சரிக்கை வந்தது. நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வரப்புத் தகராறு வழக்கில் சாட்சி "பெரிய உப்பளக்காரர் மகன்" என்று சொல்லியிருந்தார். உப்பளக்காரர் பெரியவரா, மகன் மூத்தவனா? நான் யோசிக்காமல் உப்பளக்காரரைப் பெரியவராக்கிவிட்டேன். வசந்தா மேடம் புள்ளி வைத்தார். குறுக்கு விசாரணைப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அங்கே "மூத்தவன்" என்று தெளிவாக இருந்தது.

"சாட்சி ஒரு வார்த்தைய யாரு கையில குடுக்கிறாங்கன்னு பாருங்க. அதப் பார்த்துட்டு அப்புறமா அடுக்குங்க" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். அதோடு மறந்தேன்.

அந்தக் கொலை வழக்கு வந்தபோது எனக்கு வேலையில் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் கடற்கரைப் பகுதியில் நடந்தது. முகத்துவாரத்தில் வலை போடுவதில் இரண்டு தரப்புக்கும் வாய்ச்சண்டை. இரண்டு நாள் கழித்து ஒரு விடியற்காலையில் ஒரு மீனவர் துடுப்பால் மண்டையில் அடிபட்டு இறந்து கிடந்தார். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்து மீன்பிடிக்கும் சேவியர் என்ற இளைஞனைப் பிடித்தார்கள். சண்டை போட்டவன் அவன். அடித்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் வேலைக்கு வந்திருந்த உப்பளத் தொழிலாளி ஒரு பெண், அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு படகு வேகமாக வெளியேறியதைப் பார்த்திருந்தார். படகில் இருந்தவர்களின் முகம் தெரியவில்லை. படகு தெரிந்தது.

அவருடைய சாட்சியத்தில் அந்த வரி இப்படி இருந்தது: "சின்ன பாண்டி பச்சை போட்டு ஒன்று கிழக்கே போனதைப் பார்த்தேன்." போட்டு என்றால் படகு. நீதிமன்றத் தட்டச்சில் ஒற்றெழுத்துகளை எதிர்பார்க்க முடியாது.

சேவியர் புதுச்சேரிக்காரன். அவனுடைய படகும் பச்சை. விசாரணை நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டது. மேல்முறையீட்டுக்காக வழக்குக் கட்டு எங்களிடம் வந்தது. என் பங்குக்கு அஞ்சலையின் சாட்சியமும், படகைப் பறிமுதல் செய்த மகசரும் வந்தன. நான் அடித்தேன். "எ ஸ்மால் கிரீன் பாண்டிச்சேரி போட்." அளவு, நிறம், ஊர், பொருள். அழகாக உட்கார்ந்தது. மகசரில் படகு "கிளிப்பச்சை நிற ஃபைபர் போட்" என்று இருந்தது. அதை "எ பேரட்-கிரீன் ஃபைபர் போட்" என்று அடித்தேன். கிளியையும் பச்சையையும் பிரிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாண்டியையும் பச்சையையும் மட்டும் பிரித்து இடம் மாற்றினேன்.

ஒப்பிடும்போது வசந்தா மேடத்தின் ஸ்கேல் அந்த வரியில் நிற்கவில்லை. அவர் தர்மபுரிக்காரர். அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டோம். கட்டு போய்விட்டது.

மூன்று வாரம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க தாஸ் என்கிறவரை வரச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை. அவர் வாசல் கதவைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"கதவுக்கு இன்னா கலரு மேடம்? கிளிப்பச்சை அடிச்சிடலாமா? எடுப்பா இருக்கும்."

"வேணாங்க. எப்பவும் போலப் பாண்டிப் பச்சையே அடிச்சிடுங்க."

"அது படகுக்கு அடிக்கிற கலரு மேடம். இருட்டா இருக்குமே."

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பியவள், காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பாண்டிப் பச்சை என்றால் கரும்பச்சை. ஒரு காலத்தில் அந்தப் பெயின்ட் புதுச்சேரிக் கடைகளில்தான் கிடைத்தது. பிறகு எல்லா ஊரிலும் கிடைத்தது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் கரையில் பாதிப் படகுகள் அந்தப் பச்சைதான். அஞ்சலை படகின் ஊரைச் சொல்லவில்லை. நிறத்தைச் சொன்னார். நான் அவர் சொன்ன நிறத்தை உடைத்து, பாதியை எடுத்துப் படகுக்கு ஊராகக் கொடுத்துவிட்டேன். சேவியரின் படகு கிளிப்பச்சை. அதை மகசரிலிருந்து மொழிபெயர்த்தவளும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முழுக்க எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மூலத்தில் "பாண்டி பச்சை போட்டு" என்றுதான் இருந்தது. விசாரணை நீதிபதியே அதைப் பாண்டிப் படகு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார். சென்னையில் இருக்கும் எந்த வக்கீலும் என் ஆங்கிலத்தில் குறை காண முடியாது. அவ்வளவு சரியான ஆங்கிலம் அது.

திங்கட்கிழமை காலை வசந்தா மேடம் வந்து பையை வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் உட்கார்ந்தார். அலுவலக நகலை எடுத்து வரச் சொன்னார். தமிழை இடது பக்கமும் ஆங்கிலத்தை வலது பக்கமும் வைத்து, ஸ்கேலை அந்த வரிக்குக் கீழே வைத்தார்.

"பாண்டிப் பச்சைன்னா கரும்பச்சைன்னு சாட்சியத்துல எங்கயாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க மேடம்."

"குறுக்கு விசாரணையில?"

"அங்கயும் யாரும் கலரப் பத்திக் கேக்கல."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல அப்படித்தாங்க சொல்லுவாங்க. கடையில போய்க் கேட்டாலே குடுப்பாங்க."

"ஜெசிந்தா மேடம், நீங்க சாட்சி கிடையாது."

"தெரியுதுங்க. ஆனா அந்தப் பையன் உள்ள இருக்கான்."

நான் ஒரு துண்டுத்தாளில் "பாண்டி-கிரீன் போட்" என்று நடுவில் கோடு போட்டு எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்து, கூடாது என்று தலையாட்டினார்.

"இந்தக் கோடு போட்டீங்கன்னா அது கலருன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க. முன்ன ஊருன்னு தீர்ப்பு சொன்னீங்க. இப்ப கலருன்னு சொல்றீங்க. ரெண்டுமே நம்ம வேல இல்ல."

"அப்ப என்னதாங்க செய்யறது?"

அவர் பென்சிலை எடுத்தார். அவரே எழுதினார். 'எ ஸ்மால்' என்று ஆங்கிலத்தில். அதன்பின் "பாண்டி பச்சை" என்ற இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்தில் அப்படியே, மேற்கோள் குறிக்குள். அதன்பின் 'போட்'. அவ்வளவுதான். மொழிபெயர்க்கவே இல்லை.

"இப்ப படிக்கிறவரு தடுக்கி விழுவாரு இல்லீங்களா" என்றேன்.

"விழட்டும். விழுந்தாத்தான் என்னன்னு கேப்பாரு."

பிறகு திருத்தக் கடிதம் தயாரானது. அனுப்பிய மொழிபெயர்ப்பில் பிழை, திருத்திய பக்கம் இணைக்கப்பட்டுள்ளது என்று நீதிபதி மூலமாகத்தான் போக வேண்டும். பிழை என்று எழுதினால் யார் பிழை என்ற கேள்வி வரும். மொழிபெயர்த்தது என் பிழை, ஒப்பிட்டவருக்கு அந்தச் சொல் தெரியாது என்று நான் வரைவு எழுதிக் கொடுத்தேன். வசந்தா மேடம் அந்த இரண்டாவது வாக்கியத்தை அடித்தார். அவர் எதையும் அடித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

"ஒப்பிட்டுப் பார்த்தேன்னு கையெழுத்து போட்டவ நான். தெரியாதுன்னா கேட்டிருக்கணும்."

அப்போது அவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "மேடம், பேனல்ல உங்க பேரு இருக்குதே" என்றேன்.

"இருக்குது. அதுக்கு இப்ப இன்னாக்கா பண்றது?" என்று கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அக்கா என்று அவர் என்னைக் கூப்பிட்டதை அவரே கவனித்தாரா என்று தெரியவில்லை.

நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "இதுக்கு முன்னாடி இது மாதிரி எத்தனை வரி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேருக்கும் மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தோம், பணிப்பதிவேட்டில் கண்டிப்பு என்று ஏறியது. வசந்தா மேடத்துக்கு அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அடுத்த ஆண்டு வந்தது. அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. நான் பேச வாய் எடுத்த இரண்டு தடவையும் வேறு கட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

மேல்முறையீட்டில் அந்த இரண்டு தமிழ்ச் சொற்களில் நீதிபதிகள் நின்றார்கள். அரசு வக்கீலுக்குப் பொருள் தெரியவில்லை. சேவியரின் வக்கீலுக்கும் தெரியவில்லை, ஆனால் தெரியவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. சாட்சியை மறுபடி அழைத்து அந்த ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு அனுப்பச் சொல்லி, கீழ் நீதிமன்றத்துக்கு உத்தரவு வந்தது. அஞ்சலை வந்தார். அவர் சொன்னது மொழிபெயர்ப்புக்காக எங்கள் பிரிவுக்கே வந்தது. வசந்தா மேடம் அதை என்னிடம் தரவில்லை. வேறு ஒருவர் மொழிபெயர்த்தார். ஒப்பிடும்போது நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் எதிர் மேஜையில் தமிழைச் சத்தமாகப் படிப்பார்கள் அல்லவா, காதில் விழுந்தது.

"பாண்டி பச்சை என்றால் கரும்பச்சை. பாண்டியில் இருந்து வந்த போட்டு என்று நான் சொல்லவில்லை. கிளிப்பச்சை போட்டு இல்லை."

சேவியரை விடுதலை செய்தார்கள். தீர்ப்பில் வேறு காரணங்களும் இருந்தன. படகைப் பற்றி ஒரு பத்தி. மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை. நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவன் சிறையில் இருந்திருக்கிறான். அவனை நான் நேரில் பார்த்ததில்லை. மேல்முறையீடு விசாரணைக்கு வரும் முன்பே திருத்தம் போய்விட்டதால், நான் பிழையோடு அனுப்பிய பக்கம் அவனை ஒருநாள்கூட அதிகம் உள்ளே வைக்கவில்லை என்று வசந்தா மேடம் கணக்குப் போட்டுச் சொன்னார். உண்மைதான். திருத்தாமல் விட்டிருந்தால் எத்தனை நாள் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இறந்துபோன மீனவரின் மனைவி எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். தீர்ப்பு வந்த பிறகு சில வாரம் அவர் வரவில்லை. பிறகு பழையபடி வந்தார்.

அதற்கடுத்த பங்குனியில் ஒருநாள், லீவு போட்டுவிட்டு ஒரு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். உப்பளத்தை ஒட்டிய சாலை. காலை வேலை முடியும் நேரம். பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சாலைக்கு ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் உப்பு வாரும் பலகை. என்னை அவருக்கு ஊர்க்காரியாகத் தெரியும். நான்தான் அவரை அதுவரை காகிதத்தில் மட்டும் அறிந்திருந்தேன்.

"நீங்க கோர்ட்டுலதான வேல செய்றீங்க? நான் அஞ்சல. அந்தப் போட்டு கேசுல சாச்சி சொன்னேனே."

தெரியும் என்றேன்.

"அந்தப் புள்ளய வுட்டுட்டாங்களாமே?"

"ஆமாங்க. வுட்டுட்டாங்க."

"நல்லதும்மா. அவன் போட்டு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா அவன் போட்டான்னு என்ன யாரும் கேக்கல. முதல் தபா இன்னா பார்த்தன்னு கேட்டாங்க, சொன்னேன். ரெண்டாம் தபா இன்னா கலருன்னு கேட்டாங்க, அதயும் சொன்னேன்." பலகையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "இம்மாங் கேள்வி கேட்டாங்களே, அப்ப அது யாரு போட்டுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலியேம்மா."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை. கீழே பாத்தியில் மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், யாருக்கும் எங்கள் பேச்சு கேட்கும் தூரமில்லை. நான் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி. சாலையில் நின்றபடி, யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

"இந்த வருஷம் உப்பு எப்படிங்க?" என்று கேட்டேன்.

"பரவால்ல" என்றார் அஞ்சலை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.